கேத்தலின் அடியில் ஒரு கல்

மொன்றியலை ஒட்டிய டோர்வலில் எங்கள் வீட்டுக் கேத்தலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வினாகிரி விட்டுக் கழுவுவேன். அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல ஒரு வெள்ளைப் படிவு இறுகிப்போயிருக்கும். கரண்டிக் காம்பால் சுரண்டினாலும் போகாது. அரைக் கோப்பை வினாகிரி ஊற்றினால் சீறும். பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். ஐந்து நிமிடத்தில் அடி பளபளக்கும்.

யாழ்ப்பாணத்தில் அம்மா இதே வேலையைத் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துச் செய்வார். அங்கே இரண்டு கிழமையிலேயே கேத்தல் வெளுத்துவிடும். குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கிணற்றில் அள்ளும் ஒவ்வொரு வாளியிலும் கரைந்த கல் இருக்கிறது. நிலாவரைக் கிணறே தண்ணீர் தின்று தோண்டிய பள்ளம்தான். கடல் கடந்து இவ்வளவு தூரம் வந்தும் அதே வெள்ளைப் படிவு ஏன் பின்னால் வந்தது என்று எனக்கு வெகுகாலம் தெரியவில்லை.

விடை வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓடுகிறது. டோர்வலின் கரையில் விரிந்திருப்பது சென் லூயி ஏரி. பெயருக்குத்தான் ஏரி; உண்மையில் சென் லோரன்ஸ் ஆறு கொஞ்சம் அகலித்து மூச்சுவிடும் இடம் அது. ஒட்டாவா ஆறும் இங்கேதான் வந்து சேர்கிறது. பேரேரிகளைச் சுற்றியுள்ள சுண்ணக்கற்களைக் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர் ஊர்க் குழாய்க்குள் புகுந்து என் கேத்தலில் கொதிக்கிறது. யாழ்ப்பாணத்துக் கல்லும் ஒன்ராறியோக் கல்லும் ஒரே வழியில்தான் கரைகின்றன.

அந்த வழி எளிது. மழைத்துளி விழும்போதே காற்றிலிருந்து கொஞ்சம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்கிறது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் காபனீரொட்சைட்டு என்று படித்த அதே வாயு. சோடாவின் புளிப்பைப் பல மடங்கு நீர்க்கச் செய்தால் எப்படியோ அப்படி ஒரு மெல்லிய அமிலமாகத் துளி மண்ணில் இறங்குகிறது. கல்லைத் தொடுகிறது. கல்லிலிருந்து கல்சியம் அவிழ்கிறது. வாயு பைகார்பனேட் என்ற உப்பாக மாறித் தண்ணீரோடு போகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோம். எறும்பைவிடப் பழைய எறும்பு மழை.

கேத்தலில் நடப்பது இதன் மறுபக்கம். சூடு ஏறியதும் பைகார்பனேட் உடைகிறது. பாதிக் கரி வாயுவாகி ஆவியோடு பறக்கிறது. மீதி கல்லாகி அடியில் படிகிறது. வினாகிரியின் குமிழியில் அந்த மீதியும் போய்விடுகிறது. வினாகிரியை ஒதுக்கிவைத்தால், சுண்ணக்கல்லைப் பொறுத்தவரை கணக்குப் பூச்சியம்: கல்லுக்குள் இருந்த கரி கல்லாகவும், காற்றில் இருந்த கரி காற்றாகவும் திரும்பிவிடுகின்றன.

கருங்கல்லின் கதை வேறு. எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் போன்ற சிலிக்கேட் பாறைகளுக்குள் சொந்தமாகக் கரி கிடையாது. கல்சியமும் மக்னீசியமும்தான் உண்டு. ஆகவே அவை கரையும்போது தண்ணீரில் போகும் கரி அவ்வளவும் காற்றிலிருந்து எடுத்தது. கடலுக்குப் போய்ச் சிப்பியின் ஓடாக மாறினால் பாதி திரும்பும். மறுபாதி கல்லுக்குள் நின்றுவிடும். ஓடாகாமல் உப்பாகவே கடலில் கிடந்தால் பத்தாயிரம் ஆண்டுக்கும் மேலாகக் கிடக்கும்.

இதை முதலில் கண்டு எழுதியவர் ஒரு பீங்கான் தொழிற்சாலை இரசாயனர். பிரான்சின் செவ்ர் பீங்கான் சாலையில் வேலை செய்த ழாக் ஜோசப் எபெல்மென், 1845 இல் கல் கரைவதற்கும் காற்றின் கரிக்கும் உள்ள தொடர்பை எழுதிவைத்தார். 37 வயதில் இறந்துபோனார். உலகம் அவரை மறந்தது. நூறு ஆண்டுக்குப் பிறகு வேறு அறிஞர்கள் அதையே புதிதாகக் கண்டுபிடித்தார்கள். பீங்கானுக்கு வேண்டிய வெண்களிமண், கருங்கல் கரைந்து மிஞ்சிய சக்கைதான். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுக்கிற எவரும் அந்த நெடிய வேலையின் மிச்சத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

நெடிய வேலை என்று சும்மா சொல்லவில்லை. உலகத்துப் பாறைகள் எல்லாம் சேர்ந்து இப்படி உள்வாங்கும் கரியமில வாயு ஆண்டுக்கு 100 கோடி தொன் அளவில் வரும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து நாம் விடுவது ஆண்டுக்கு 3,700 கோடி தொன்னைத் தாண்டிவிட்டது. கடலும் காடும் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. மீதி தலைக்கு மேலே தங்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்தது, இன்று 420 ஐக் கடந்து நிற்கிறது.

இந்த இடத்தில்தான் புதிய நிறுவனங்கள் வருகின்றன. அவர்களின் யோசனையை எந்தச் சமையலறையிலும் புரியவைக்கலாம். தேத்தண்ணீருக்குள் ஒரு கற்கண்டைப் போட்டால் ஆறிப்போகும்வரை கரையாது. அதையே இடித்துப் போட்டால் இரண்டு சுற்றில் கரைந்துவிடும். மலையாக நின்றால் கல் கரைய யுகம் வேண்டும். மாவாக அரைத்து, ஈரமும் வேரும் உள்ள வயலில் தூவினால் ஆண்டுக் கணக்கில் முடியலாம். கல்லின் குணத்தை மாற்றவில்லை. தண்ணீர் தொடும் பரப்பை மட்டும் கூட்டுகிறார்கள்.

மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்குப் போகாத தமிழர் இங்கே இல்லை. கல்யாணம், செத்தவீடு, ஸ்காபரோவில் சாமான் வாங்குவது என்று 401 நெடுஞ்சாலையை நாங்கள் தேய்த்துவிட்டோம். பாதி வழியில் கிங்ஸ்டன் வரும். கால் நீட்டிக் கோப்பி குடிக்கிற இடம். அதற்கு வடக்கே சீலிஸ் பே என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு சுரங்கம். வொல்லஸ்டோனைட் என்ற வெள்ளைக் கல்லை எடுக்கிறார்கள். கல்சியமும் சிலிக்காவும் சேர்ந்த அந்தக் கல் பசால்டைவிட வேகமாகக் கரையும். அண்டூ என்ற பிரித்தானிய நிறுவனம் அதைப் பொடியாக ஒன்ராறியோப் பண்ணைகளில் தூவுகிறது. அந்த ஆங்கிலப் பெயருக்கு, செய்ததை இல்லையென்றாக்கு என்று பொருள்.

கிழக்கு ஒன்ராறியோவின் தண்ணீர் தெற்கே சென் லோரன்ஸுக்கும் வடக்கே ஒட்டாவா ஆற்றுக்குமாகப் பிரிந்து போகிறது. இரண்டும் சேர்வது எங்கள் ஊரருகே. அந்த வயல்களில் பிடிபட்ட கரியில் ஒரு பங்காவது கடலுக்குப் போகும் பயணத்தில் டோர்வலின் கரையைத் தொட்டுக்கொண்டு போகும். மாலையில் ஏரிக்கரை வாங்கில் உட்கார்ந்து பார்த்தால் தண்ணீர் தண்ணீராகத்தான் தெரியும்.

இந்தியாவில் இதே வேலையை மாட்டி கார்பன் செய்கிறது. மாட்டி என்றால் மண். சத்தீஸ்கரின் சிறு நெல் விவசாயிகளின் வயலுக்குப் பசால்ட் தூளைக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் தக்காணத்தில் பொங்கிய எரிமலைக் குழம்பு, இன்று கல் உடைக்கும் ஆலைகளில் தூளாக மிஞ்சுகிறது. மண்ணின் புளிப்பு குறைகிறது. நெல்லுக்குச் சிலிக்காவும் மக்னீசியமும் கிடைக்கின்றன. கரியமில வாயுவை அகற்றுவதற்கென்று நடந்த எக்ஸ்பிரைஸ் உலகப் போட்டியில் 2025 ஏப்ரலில் 5 கோடி டொலர் முதற்பரிசு இந்த நிறுவனத்துக்குத்தான் போயிற்று. அண்டூவுக்கு 50 லட்சம் டொலர். பெரிய இயந்திரங்களோடு வந்தவர்களைத் தாண்டி, வயலில் தூவிய கல்தூள் வென்றது.

நல்ல செய்திதான். ஆனாலும் கேத்தலைக் கழுவுகிறவனுக்குச் சில கேள்விகள் எழும்.

முதற்கேள்வி கணக்கு. வயலில் போட்ட தூளில் எவ்வளவு கரைந்தது, எவ்வளவு வாயு பிடிபட்டது என்று தராசில் நிறுக்க முடியாது. மண்ணைத் தோண்டி, தண்ணீரை எடுத்து, முன்னும் பின்னும் சோதித்துத்தான் சொல்லவேண்டும். தழைச்சத்து உரம் போட்ட மண்ணில் வேறு அமிலமும் இருக்கும். அது கல்லைக் கரைத்தால் கல் போகும், காற்றிலிருந்து எதுவும் எடுபடாது. கல்லை அரைத்த மின்சாரமும் லொறி குடித்த டீசலும் கழிக்கவேண்டிய செலவு. சில பாறைகளில் நிக்கலும் குரோமியமும் உண்டு. அவை சோற்றுக்குள் வராமல் பார்க்கவேண்டும். இத்தனையும் நேர்மையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விற்பது கண்ணுக்குத் தெரியாத சரக்கு என்கிறபோது, நேர்மைதான் முழு முதல்.

இரண்டாவது கேள்வி அளவு. ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேர்லிங்கும் கூட்டாளிகளும் 2020 இல் கணக்கிட்டார்கள். இந்தியா, சீனா, அமெரிக்கா, பிரேசில் போன்ற நாடுகளின் விளைநிலத்தில் பெருமளவில் இதைச் செய்தால் ஆண்டுக்கு 50 முதல் 200 கோடி தொன் வரை எடுக்கலாம் என்றார்கள். மேல் எல்லையையே எடுத்துக்கொண்டாலும், நாம் விடுவதில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட.

மூன்றாவது கேள்வி வேகம். அதற்கு நான் வெளியே போக வேண்டியதில்லை. தலைக்கு மேலே பறக்கிறது. மொன்றியல் ட்ரூடோ விமான நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 2004 வரை அதன் பெயரே டோர்வல். இங்கிருந்து கொழும்புக்குப் போய்வர ஓர் ஆளின் பங்குக்கு ஒரு தொன்னுக்குக் குறையாத கரியமில வாயு. ஒரு தொன் வாயுவைப் பிடிக்க மூன்று தொன்னுக்கும் மேல் பசால்ட் தூள் வேண்டும். அதாவது, நல்லூர்த் திருவிழாவுக்கு நான் ஒருமுறை போய்வந்தால் எங்கோ ஒரு வயலில் எனக்காக ஒரு சின்ன லொறி கல்தூளைக் கொட்டவேண்டும். அது கரைந்து முடிய ஆண்டுகள் ஆகும். நான் பறந்தது இரண்டு நாள்.

ஊரில் இதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருந்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950 இல் தொடங்கியது. 1990 இல் போரோடு மூடப்பட்டது. அதன் புகைபோக்கியைப் பார்த்து எங்கள் தலைமுறை பெருமைப்பட்டது, அதில் தவறில்லை. ஆனால் அங்கே நடந்தது என்ன? கடலுயிர்கள் லட்சக்கணக்கான ஆண்டுகளில் ஓடு ஓடாகச் சேர்த்த சுண்ணக்கல்லைச் சூளையில் இட்டோம். அது உள்ளே பூட்டிவைத்திருந்த வாயு சில மணி நேரத்துக்குள் வானத்துக்குப் போயிற்று. என் கேத்தல் சிறிதாகச் செய்வதைச் சூளை பெரிதாகச் செய்தது. கல் அகழ்ந்த பள்ளங்கள் இன்றும் வாய் பிளந்து கிடக்கின்றன. மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த கார்பிகிரீட் நிறுவனம், சீமெந்தை விட்டு உருக்காலைக் கசட்டை எடுத்து, கரியமில வாயுவைக் குடிக்கவைத்துக் கொங்கிறீட் கல்லை இறுகச் செய்கிறது. அதைக் கேட்டபோது எனக்குக் காங்கேசன்துறைதான் நினைவுக்கு வந்தது.

நாட்டின் வானிலையைக் கணிக்கும் கனடிய வானிலை மையமும் டோர்வலில்தான் இருக்கிறது. நாளைக்குப் பனி கொட்டுமா, எத்தனை சென்ரிமீற்றர் என்று சொல்வார்கள். நாங்களும் அதற்கேற்பக் காரை நிறுத்துவோம். கல்லின் வேலைக்கு அப்படி அறிவிப்பு இல்லை. அது நம் கால அளவுக்குள் அடங்காத வேலை. அதை நம் அளவுக்குள் இழுத்துக்கொண்டுவர முயல்கிறவர்களை நான் மதிக்கிறேன். அந்தத் தூள் விழுந்த வயலில் ஓர் ஏழை விவசாயிக்கு நாலு மரக்கால் கூட விளைந்தால், அதற்காகவே வாழ்த்துகிறேன். ஆனால் அந்தத் தூளைக் காட்டி, இனி எரிக்கலாம் என்று யாரும் சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன். செய்ததை இல்லையென்றாக்க முடியாது. இடம் மாற்றலாம், அவ்வளவுதான்.

நெருப்பின் வேலை நிமிடத்தில் முடிகிறது. தண்ணீரின் வேலை யுகத்தில் முடிகிறது. அரைத்துத் தூவி நாம் தண்ணீரைக் கொஞ்சம் விரைவுபடுத்தலாம். நெருப்பை நிறையவே அடக்கலாம். இரண்டில் எது நம் கைக்கு எட்டுவது என்பதில் சந்தேகம் வேண்டாம்.

உங்கள் கேத்தலின் அடியிலும் வெள்ளை படிந்திருந்தால், கழுவுமுன் ஒரு தடவை விரலால் தொட்டுப் பாருங்கள். அந்தப் படிவு சேர மூன்று மாதம் ஆயிற்று. வினாகிரிக்கு ஐந்து நிமிடம்.