கவலையும் கவளமும்



கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்திற்கு நாம் சென்றிருந்தபோது, மரவள்ளி பயிரிடும் பெரியவர் ஒருவர், “ஹஜ்ரத்! நாலு கவளத்திலேயே வயிறு கல்லாகி விடுகிறது” என்றார். விசாரித்தோம். கிழங்கு விலை விழுந்திருந்தது. வீட்டில் கடன் பேச்செல்லாம் சோற்றுக்கு உட்காரும்போதுதான்!

மனம் கலங்கினால் வயிறு ஏன் கலங்க வேண்டும்? கவலை மிகும்போது, மூளையின் அடிப்பாகத்திலுள்ள ஹைப்போதலாமஸ் ‘சி.ஆர்.எஃப்.’ என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. 41 அமினோ அமிலங்களாலான இதன் அமைப்பு 1981-ல் கண்டறியப்பட்டது. இரைப்பையை அசைக்கும் வேகஸ் நரம்பின் வேலையை இது மூளையிலேயே தடுக்கிறது. இரைப்பை மந்தமாகிறது, உண்டது தங்கிவிடுகிறது. பெருங்குடலோ அதே வேளையில் விரைகிறது! பரீட்சை நாளில் பிள்ளை சோறு வேண்டாமென்பதும், அடிக்கடி கொல்லைப்புறம் ஓடுவதும் இதனால்தான். அதை நடிப்பென்று ஏசாதீர்கள்.

வாற்கோதுமைக் கஞ்சியான ‘தல்பீனா’ நோயாளியின் உள்ளத்திற்கு ஆறுதல் தந்து, கவலையைச் சிறிது போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கலங்கியவருக்கு இலேசான கஞ்சி! என்னே பரிவு!

கடன் அடைய வேண்டியதுதான். அதை அஸருக்குப் பின் பேசலாமே! சுப்ரா விரித்ததும் பிஸ்மி சொல்லுங்கள்; கணக்கையும் மார்க்கையும் அப்பால் வையுங்கள். உபாதை நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். மருத்துவம் செய்வதும் நபிவழியே.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் உணவோடு நிம்மதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.