கல்லூரி திறப்பதற்குள் ஒரு நாள்

பழகத் தொடங்கி ஓராண்டு நிறைகிறதா? விடுமுறையில் இன்னும் சில நாள் மிச்சமா? கரியமாணிக்கத்துப் பிள்ளைகளே, கேக்கையும் கரடிப் பொம்மையையும் விடுங்கள். வண்டியைப் பாகூருக்குத் திருப்புங்கள்.

அங்குள்ள மூலநாதர் கோயில், சோழர் காலத்துக் கற்றளி. அடித்தளத்தைச் சுற்றிலும் சின்னச் சின்னச் சிற்பங்கள். ஆடல் காட்சிகளும் உண்டு. குனிந்துதான் பார்க்க வேண்டும். ஒரே கல்லை இருவர் நிதானமாகப் பார்த்தால், ஒருவர் காலின் வளைவைச் சொல்வார், மற்றவர் உளியின் தடத்தைக் காட்டுவார். ஓராண்டு அரட்டையில் தெரியாத குணம் அங்கே தெரிந்துவிடும்.

இதே பாகூரில் 9ஆம் நூற்றாண்டில் ஒரு கல்விச்சாலை இருந்தது. பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் அதற்கு மூன்று ஊர்களைக் கொடையாகத் தந்ததைச் செப்பேடு சொல்கிறது. அந்த மாணவர்கள் விடுமுறையை எப்படிக் கழித்தார்களோ, செப்பேட்டுக்கு அதில் அக்கறை இல்லை!

சாயங்காலம் ஒரு படம். என் தேர்வு, 2012இல் ஆங் லீ எடுத்த ‘லைஃப் ஆஃப் பை’. அதில் வரும் புலிக்காக அல்ல. புதுச்சேரிப் பையன் பை, பரதம் பயிலும் ஆனந்தியை நேசிக்கிறான். குடும்பம் கப்பலேறியதும் பிரிந்துவிடுகிறான். கப்பல் மூழ்கிக் கடலில் பல நாள் தவித்தவன், கரை சேர்ந்த பிறகு ஏன் அவளைத் தேடிப் போகவில்லை? படம் முடிந்ததும் இதில் உங்களுக்குள் சண்டை வரும். வரட்டும். கல்லூரி திறந்துவிட்டால் இவ்வளவு சாவகாசமாகச் சண்டை போட முடியாது.