சும்மா ஒண்ணு தின்னு பாருங்க!

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குக் காரில் போயிருக்கிறீர்களா? கந்தர்வகோட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆதனக்கோட்டை வரும். ஊர் பேர் போர்டைத் தேட வேண்டாம், மூக்கே சொல்லிவிடும். சாலையோரம் புகை. புகைக்குப் பின்னால் ஓர் இரும்புச் சட்டி. சட்டிக்குப் பின்னால் ஓர் அம்மா. பக்கத்தில் தட்டு நிறைய வறுத்த முந்திரிப்பருப்பு. வண்டி கொஞ்சம் வேகம் குறைந்தால் போதும், ஒரு கை நீளும். உள்ளங்கையில் நாலைந்து பருப்பு.

'சும்மா ஒண்ணு தின்னு பாருங்க சார். பிடிச்சா வாங்குங்க.'

இந்த வாரம் அந்த நாலைந்து பருப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சிரிக்காதீர்கள். அதில் ஒரு தர்ம சங்கடம் இருக்கிறது. அந்தப் பருப்பைத் தின்ற பிறகு, அந்த அம்மாவுக்கு நீங்கள் ஏதாவது கடன்பட்டிருக்கிறீர்களா, இல்லையா?

'அவங்களாத்தான் கொடுத்தாங்க. பிடிச்சா வாங்குங்கன்னு சொல்லிட்டாங்க. இதுல என்ன கடன்?' என்கிறீர்களா? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்தப் பருப்பு உங்கள் கைக்கு எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். முந்திரி நம்ம ஊர் மரம் இல்லை. பிரேசில்காரர். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. மாமரத்தின் சொந்தக்காரர். சேராங்கொட்டைக்கும் உறவு. சலவைத் துணியில் குறி போட உபயோகிப்பார்களே, கையில் பட்டால் கொப்பளிக்குமே, அதே சேராங்கொட்டை. அந்தக் குடும்பக் குணம் முந்திரிக்கொட்டை ஓட்டிலும் இருக்கிறது. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் வெந்துபோகும். பெயின்ட்டுக்கும் வண்டி பிரேக்குக்கும் பயன்படுகிற எண்ணெய் அது. எவ்வளவு காரமாக இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டையை வெயிலில் காயவைத்து, சட்டியில் போட்டு விறகு நெருப்பில் வறுப்பார்கள். ஓட்டு எண்ணெய் கசிந்து குப்பென்று தீப்பிடிக்கும். கரும்புகை கண்ணைக் கரிக்கும். சரியான நேரத்தில் தரையில் கொட்டி அணைக்க வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தால் பருப்பு கரி. அப்புறம் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்து, முழுப் பருப்பு உடையாமல் எடுத்து, தோல் உரித்து... ஏறக்குறைய நாலு கிலோ கொட்டை உடைத்தால் ஒரு கிலோ பருப்பு தேறும். வீட்டில் எல்லோரும் இதில் இருப்பார்கள். ஒருவர் வறுக்க, ஒருவர் உடைக்க, பாட்டி தோல் உரிக்க, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பொட்டலம் கட்ட.

அந்தக் கைதான் நீள்கிறது. விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன கை.

2009 என்று நினைவு. ஒரு சித்திரை மாத மதியம். காரில் நான், என் மனைவி, மச்சினர். புதுக்கோட்டையில் ஒரு கல்யாணம். நேரம் இருந்தது. கால் நீட்டலாமே என்று ஆதனக்கோட்டையில் நிறுத்தினோம். வாங்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனாலும் கை நீண்டதும் வாங்கித் தின்றேன். சூடாக, லேசாகப் புகை வாசத்தோடு, வாயில் போட்டதும் கரைகிற மாதிரி. 'இன்னும் ரெண்டு தாம்மா' என்றேன். தந்தார். உப்புப் போட்டது இருக்கா என்றேன். அதையும் தந்தார். மச்சினரும் தன் பங்குக்குத் தின்றார்.

அப்புறம் அந்த நொடி வந்தது. 'எவ்வளவு சார் போடட்டும்? அரைக் கிலோவா, ஒரு கிலோவா?'

நான் என்ன சொன்னேன் தெரியுமா? முகத்தைச் சுளித்துக்கொண்டு, 'கொஞ்சம் சிக்கு வாசம் அடிக்குதும்மா' என்றேன்.

பச்சைப் பொய்.

அந்த அம்மா சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. வரவில்லை. 'அப்படியா சார்?' என்று தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றார். அவர் முகத்தில் ஒரு குழப்பம். பிறகு யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்த மகளைக் கூப்பிட்டு, 'இந்தத் தட்டை உள்ள வை. அப்புறமாப் பார்த்துக்கலாம். யாருக்கும் குடுக்காதே' என்றார்.

அந்தப் பெண் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

காரில் ஏறியதும் என் மனைவி கேட்டாள். 'நல்லாத்தானே இருந்துச்சு?'

'வேற என்ன சொல்றது?' என்றேன்.

கல்யாணச் சாப்பாடு இறங்கவில்லை என்றெல்லாம் கதை விட மாட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். ஆனால் அந்தத் தட்டு மட்டும் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஒரு மதிய நேரத்து உழைப்பை நான் ஒரே வாக்கியத்தில் உள்ளே அனுப்பிவிட்டேன். ஏன்? வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான்!

யோசித்துப் பாருங்கள். நான் கடன்படவில்லை என்று உண்மையிலேயே நம்பியிருந்தால், பொய் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது. 'வேண்டாம்மா' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். உள்ளுக்குள் கடன் உறுத்தியது. அதைத் தீர்க்க மனசில்லை. அதனால் கொடுத்த பொருளையே மட்டம் தட்டிவிட்டால் கடன் ரத்தாகிவிடும் என்று மனசு ஒரு கணக்குப் போட்டது.

இந்தக் கணக்கு வியாபாரிகளுக்கும் தெரியும். ஒரு சின்னப் பொருளை இலவசமாகக் கொடுத்தால் வாங்கியவன் திருப்பிச் செய்யத் துடிப்பான் என்பதை ராபர்ட் சியால்டினி 1984-ல் வெளியான தன் 'இன்ஃப்ளுயன்ஸ்' புத்தகத்தில் விலாவாரியாக எழுதியிருக்கிறார். அதற்கு ரொம்ப முன்பே, 1925-ல், மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர், பதிலே எதிர்பார்க்காத பரிசு என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்கிற மாதிரி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். சரி, சாம்பிள் என்பது ஒரு தூண்டில் என்றே வைத்துக்கொள்வோம். தூண்டிலில் மாட்டாமல் இருக்க மீனுக்கு உரிமை உண்டு. ஆனால் புழுவையும் தின்றுவிட்டு, புழு அழுகல் என்று ஊரெல்லாம் சொல்ல உரிமை உண்டா?

இதற்கு நேர் எதிரான தப்பைச் செய்த ஒரு நண்பர் எனக்கு இருக்கிறார். கலிபோர்னியாவில் வேலை. அங்கே நாபா பள்ளத்தாக்கு என்று ஒயின் தேசம் ஒன்று உண்டு. மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். பெரிய கம்பெனிகளுக்கு நடுவே குடும்பமாக நடத்துகிற சின்னச் சின்னப் பண்ணைகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 'டேஸ்ட்டிங் ரூம்'. கிளாஸில் ஒரு வாய் அளவு ஊற்றித் தருவார்கள். சுழற்றி, முகர்ந்து, சப்புக்கொட்டி, வேண்டுமானால் பக்கத்தில் இருக்கிற பாத்திரத்தில் துப்பிவிடலாம். நம்ம நாட்டிலும் வந்துவிட்டது. நாசிக்கில் சுலா நிறுவனம் 2005-ல் இப்படி ஓர் அறையைத் திறந்தது.

நண்பர் போன பண்ணையில் முதலாளியின் வயதான தாயாரே ஊற்றிக் கொடுத்தாராம். எந்தக் கொடி எந்த வருஷம் நட்டது, எந்த வருஷம் மழை கெடுத்தது என்று பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினாராம். நண்பருக்கு அந்த ஒயின் பிடிக்கவே இல்லை. ஆனால், 'பிரமாதம்' என்று சொல்லி இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டும் இன்னும் அலமாரியில் சீல் உடையாமல் இருக்கின்றன. 'அந்தப் பாட்டி முகத்தைப் பார்த்து வேண்டாம்னு எப்படிடா சொல்றது?' என்கிறார்.

பார்த்தீர்களா? நான் பொய் சொல்லிக் காசை மிச்சம் பிடித்தேன். அவர் பொய் சொல்லிக் காசைச் செலவழித்தார். அவர் என்னைவிட நல்லவர், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு பேருமே ஒரு விஷயத்தைக் கொடுக்காமல் வந்துவிட்டோம். அந்த அம்மாவும் அந்தப் பாட்டியும் கேட்டது 'தின்னு பாருங்க, குடிச்சுப் பாருங்க' என்பதுதான். பார்த்தோம். பார்த்ததைச் சொல்லவில்லை.

இந்த வம்பே வேண்டாம் என்றுதானோ என்னவோ, இப்போது நாபாவில் பல இடங்களில் ருசி பார்க்கவே கட்டணம். சில இடங்களில் பாட்டில் வாங்கினால் அதைக் கழித்துக்கொள்வார்கள். காசு கட்டிவிட்டால் கடன் இல்லை, கூச்சம் இல்லை. பிடிக்காவிட்டால் தாராளமாகத் துப்பலாம். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஆதனக்கோட்டையில் நீளும் கைக்கு நாம் எந்தக் கட்டணத்தை நிர்ணயிப்பது? அந்த அம்மா நம்மிடம் டிக்கெட் கிழிப்பதில்லை. நம் நாக்கை நம்புகிறார்.

நாக்கு உண்மை பேசினால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே நாபாதான் உதாரணம். 1976 மே 24. பாரீஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி ஒரு போட்டி வைத்தார். பிரான்ஸின் பேர்பெற்ற ஒயின்கள் ஒரு பக்கம், அப்போது யாரும் மதிக்காத கலிபோர்னியா ஒயின்கள் ஒரு பக்கம். மதிப்பெண் போட்ட 9 நடுவர்களும் பிரெஞ்சுக்காரர்கள். எது எந்த ஒயின் என்று அவர்களுக்குத் தெரியாது. நாக்கு சொன்னதை எழுதினார்கள். முடிவில், வெள்ளை ஒயினில் ஷாட்டோ மான்டலீனா முதலிடம். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் முதலிடம். இரண்டும் நாபா! நடுவர்களில் ஒரு பெண்மணி தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். சொன்ன உண்மையைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசை! ஸ்பரியர் கொடுக்கவில்லை. அந்த 9 பேரும் அன்றைக்கு எத்தனை பாட்டில் வாங்கினார்கள் என்று யாருக்கும் கவலை இல்லை. அவர்கள் கொடுத்த நேர்மையான தீர்ப்பு ஒரு பள்ளத்தாக்கின் தலையெழுத்தையே மாற்றியது.

'சார், முந்திரிப்பருப்புக்கு இவ்வளவு பெரிய விசாரணையா?' என்று கேட்பீர்கள். முந்திரியோடு நின்றால் பரவாயில்லையே! பெண் பார்க்கப் போய், பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டு, காபி குடித்து, பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு வருகிறோம். வேண்டாம் என்று முடிவானால் என்ன சொல்லி அனுப்புகிறோம்? நாகரிகம் தெரிந்தவர்கள், 'ஜாதகம் பொருந்தலை' என்பார்கள். அதுவும் பொய்தான். ஆனால் பழி கிரகங்கள் மேல் போகிறது. சனீஸ்வரன் கோபித்துக்கொள்ள மாட்டார். வேறு சிலர் இருக்கிறார்கள். 'பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி', 'லேசா தெத்துப்பல்லு' என்று தரகரிடம் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். அவர்கள் சாப்பிட்ட பஜ்ஜி அன்றே ஜீரணமாகிவிடும். சொன்ன வார்த்தை அந்தப் பெண்ணுக்குள் வருஷக்கணக்கில் இருக்கும். தட்டை உள்ளே வைத்துவிடுவார்கள்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ருசி பார்த்தவன் வாங்கியே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை. 'பிடிச்சா வாங்குங்க' என்று சொன்னவர் அந்தக் கடமையிலிருந்து நம்மை விடுவித்துவிட்டார். ஆனால் ருசித்ததை உள்ளபடி சொல்லும் கடமை உண்டு. நன்றாக இல்லையா, இல்லை என்று சொல்லுங்கள். அந்த அம்மாவுக்கு அது உபயோகம். நன்றாக இருக்கிறது, ஆனால் வேண்டாம் என்றால், அந்த இரண்டையும் சொல்லுங்கள். நம்முடைய 'வேண்டாம்'-க்குக் காரணத்தை அடுத்தவர் தட்டில் தேடக் கூடாது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்து புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதே, அதற்குச் சில மாதங்கள் கழித்து அந்த வழியாகப் போனேன். தென்னையும் பலாவும் வேரோடு விழுந்துகிடந்த தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போனால், ஆதனக்கோட்டையில் அதே புகை. நான் தேடிய முகம் கண்ணில் படவில்லை. அடையாளம் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். வேறோர் அம்மா கையை நீட்டினார். மரமெல்லாம் முன்னே மாதிரி இல்லை, வெளியூரிலிருந்தும் கொட்டை வாங்கித்தான் வறுக்கிறோம் என்றார், நான் கேட்காமலே. எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மை பேச அவருக்கு ஒரு வினாடிகூடத் தேவைப்படவில்லை.

தின்றேன். பத்து வருஷத்துக்கு முந்தைய அதே ருசி.

'ரொம்ப நல்லாருக்கும்மா. ஆனா இன்னிக்கு வேண்டாம். பஸ்ஸைப் பிடிச்சு ரெண்டு மூணு ஊர் சுத்தணும்.'

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. 'அதுக்கென்ன சார், திரும்பி வர்றப்ப வாங்கிக்கிட்டுப் போங்க' என்று சிரித்துவிட்டு, அடுத்து வந்து நின்ற காரின் பக்கம் அதே தட்டோடு போனார்.

திரும்பி வரும்போது ஒரு கிலோ வாங்கினேன். கடனுக்காக இல்லை. நிஜமாகவே நன்றாக இருந்தது.