கண்டு முடித்த பின்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டருக்கும் அதிக உயரத்தில் பரந்து கிடக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு காட்சியை உத்தேசித்தே போகிறார்கள். சமவெளியின் தென் விளிம்பில் நிலம் திடீரென்று அறுந்து, சுமார் 870 மீட்டர் ஆழத்துக்குச் சரிந்து இறங்கும் அந்த இடத்துக்கு ‘உலக முடிவு’ என்று பெயர். ஆகாயம் நிர்மலமாக இருந்தால் அடிவாரத்துத் தேயிலைத் தோட்டங்களும், அவற்றுக்கப்பால் அடுக்கடுக்காகத் தாழ்ந்து செல்லும் மலைகளும், வெகு தூரத்தில் தென்கடலின் கோடும் தென்படும். பள்ளத்தாக்கிலிருந்து எழும் மூடுபனி காலை ஒன்பது, பத்து மணிக்குள் இவ்வளவையும் மறைத்துவிடுவது வழக்கமாதலால், எல்லோரும் இருட்டோடு இருட்டாக நுவரெலியாவிலிருந்து கிளம்பி, வாயிலில் காவலர்கள் பைகளைச் சோதித்துத் தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரித்து வாங்கிக்கொள்ளும்வரை பொறுமையிழந்து நின்று, பிறகு ஓட்டமும் நடையுமாக விரைகிறார்கள்.

நானும் அவ்விதமே விரைந்து சென்று காட்சி கிடைக்கப்பெற்றவன். அதன் அழகைப் பலர் எழுதிவிட்டார்கள். என்னைச் சிந்திக்கவைத்தது அதற்குப் பின் நேர்ந்தது. புறப்பட்ட இடத்துக்கே வளைந்து வந்து சேரும் அப்பாதையின் நீளம் ஏறக்குறைய 9.5 கிலோமீட்டர், உலக முடிவோ நாலாவது கிலோமீட்டரை ஒட்டியே வந்துவிடுகிறது. ஆகவே வந்த காரியம் நிறைவேறிய பிறகுதான் பாதிக்கு மேற்பட்ட வழி கிடக்கிறது. சற்று முன்வரை உற்சாகமே உருவாக இருந்தவர்களின் முகங்கள் அந்த க்ஷணத்திலிருந்து வாடிப்போவதைக் கண்டேன். காலைச் சாப்பாட்டைப் பற்றியும் வாகனத்தைப் பற்றியும் பேச்சு எழுந்தது. “இனிமேல் என்ன இருக்கிறது?” என்று ஒருவர் எரிச்சலோடு கேட்டுவிட்டு, பழைய கடனுக்கு வட்டி கட்டப் போகிறவரைப்போல் நடக்கலானார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆசைப்பட்டது கைகூடும்வரை எப்படி நடக்க வேண்டும் என்று நமக்குப் போதிக்காதவர் இல்லை. கைகூடிய மறுநாளைப் பற்றிப் பேசுகிறவர்தாம் அரிது. நம் வீடுகளில் ராமாயணம் வாசிப்பவர்கள் பட்டாபிஷேகத்தன்று பாயசம் வைத்துப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். கம்பரும் அங்கேயே நிறுத்திக்கொண்டார். உத்தரகாண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்வதுண்டு, ஆனால் அதைத் தேடிப் படிப்பவர் எத்தனை பேர்? பரீட்சை தேறி, உத்தியோகம் பெற்று, வீடு கட்டி, பெண்ணையும் கரையேற்றிவிட்ட சாமானிய மனிதனுக்கோ உத்தரகாண்டமே நீளமாக அமைந்துவிடுகிறது.

ஆசை அடங்கினால் சாந்தி உண்டாகும் என்று பெரியோர் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அது தானாக உண்டாவதில்லை என்பதே என் அபிப்பிராயம். முதலில் உண்டாவது ஒருவிதச் சூனியம். அதைப் பொறுத்துக்கொண்டு நடக்கிறவனுக்கு ஒரு லாபம் இருக்கிறது: அதுவரை ஒரே லக்ஷ்யத்துக்குச் சேவகம் செய்துவந்த கண்ணுக்கு விடுதலை கிடைக்கிறது. போகும் வழியில் எனக்கு முன்னே நடந்தவரின் குதிகாலைத் தவிர வேறெதுவும் நினைவில்லை. திரும்பும் வழியிலோ, பாசி படர்ந்த ஒரு குட்டை மரத்தில், மூக்கின் நுனியில் வெண்ணிறக் கொம்பு தரித்த ஓணான் ஒன்று, இலங்கை மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லாத ஜாதி, நான் முகத்தருகே குனிந்தும் அசையாமல் இருந்தது. அந்தப் பாசியை விரலால் அழுத்தினேன். நீர் மணிக்கட்டுவரை வழிந்தது. நாங்கள் சத்துருவாக எண்ணிப் பந்தயம் ஓடிய மூடுபனியின் நீர் அது. இலைகள் அதை வடித்தெடுக்கின்றன, பாசி ஏந்துகிறது, கரிய சதுப்பு மண் தேக்கிவைத்து ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று பெரிய நதிகளுக்கும் இந்தச் சமவெளியிலிருந்து நீர் போகிறது.

மிச்ச வழியில்தான் பேக்கர் அருவியும் இருக்கிறது. 20 மீட்டர் உயரமே உள்ள அருவி; வழுக்கும் படிகளில் இறங்கவேண்டியிருப்பதால், சத்தம் கேட்டதே போதும் என்று சிலர் கடந்துவிடுகிறார்கள். அதற்குப் பெயரளித்த சாமுவேல் பேக்கர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் குடியிருந்த ஆங்கிலேயர். கணக்கின்றி யானைகளைச் சுட்டவர் என்பதால் அவரிடம் எனக்குப் பெரிய மதிப்பு ஏதும் கிடையாது. இன்று இச்சமவெளியில் மரைகள் மேய்கின்றன, யானைகள் இல்லை. ஆயினும், பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆப்பிரிக்காவில் அலைந்து 1864-இல் ஆல்பர்ட் ஏரியை அடைந்தபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயதுதான், காலமானது 1893-இல். ஏரியைக் கண்ட கதையைச் சொல்லும் புத்தகங்களுக்குக் குறைவில்லை. எஞ்சிய இருபத்தொன்பது வருஷங்களை அந்த மனிதர் எப்படிக் கழித்தார் என்பதைத்தான் நான் இப்போது தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.