கண்ணில் படாத பிழை யாருடையது?

செய்தவர் கண்ணுக்கே தென்படாத பிழைக்கு அவரைப் பொறுப்பாளி ஆக்கலாமா? அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா இது. இதற்கு விடை தேட நாம் பெரிய ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. இரும்புப் பட்டறையில் சாணைக்கல்லின் முன் நிற்கும் தொழிலாளியைக் கவனித்தாலே போதும்.

இரும்பில் துளையிடும் டிரில் பிட்டை அறியாதார் இலர். முறுக்கு வடிவம் கொண்ட இக்கருவிக்கு அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1863-இல் காப்புரிமை பெற்றார். இதன் நுனியில் இரண்டு வெட்டு விளிம்புகள் உள்ளன. அவை மழுங்கினால் கிரைண்டரில் சுழலும் கல்லில் பிடித்துக் கையாலேயே தீட்டுவர். பொதுவான வேலைகளுக்கு முனைக்கோணம் 118 பாகை. அதாவது, நடு அச்சிலிருந்து பக்கத்திற்கு 59 பாகை. விளிம்பின் பின்புறமும் சற்றே சரிந்திருத்தல் வேண்டும். சரிவு இல்லையேல் பிட் வெட்டாமல் உராய்ந்து சூடேறும். சரிவு மிகுந்தாலோ விளிம்பு வலுவிழந்து உடைந்துபோகும். இவ்விரு தவறுகளும் உடனே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது தவறு அத்தகையதன்று. விளிம்புகளில் ஒன்று நீண்டும் மற்றது குறுகியும் அமைந்துவிட்டால் முனை நடுவிலிருந்து விலகிவிடுகிறது. அப்போதும் பிட் வெட்டத்தான் செய்யும். துளையும் விழத்தான் செய்யும். ஆனால் அத்துளை பிட்டின் விட்டத்தைவிடப் பெரிதாயிருக்கும். 10 மி.மீ. போல்ட்டுக்கு மரை வெட்ட 8.5 மி.மீ. துளையிடுவது வழக்கம். அது 9 மி.மீ. ஆகிவிடின், போல்ட்டைப் பற்றிக்கொள்ளும் மரையின் ஆழத்தில் மூன்றிலொரு பங்கு குறைந்துபோகிறது. போல்ட் ஏறிவிடும், இறுகியதாகவும் தோன்றும். பாரமும் அதிர்வும் மிகும் ஒரு நாளில் மரை அறுந்து வழுக்கக்கூடும். அன்று அவ்விடத்தில் நிற்பவர் யாரோ! பிட்டைத் தீட்டியவர் அவரைக் கண்டதேயில்லை.

அரபு மொழியில் நீதிக்கு 'அத்ல்' என்று பெயர். ஒட்டகத்தின் இருபுறமும் சமமாகத் தொங்கவிடும் பொதிகளுள் ஒன்றை 'இத்ல்' என்பர். இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். ஒரு பொதி கனத்துவிட்டால் வருந்துவது அதைக் கட்டியவரல்லர், சுமக்கும் விலங்கே. பிட்டின் கதையும் இதுவே.

"எனக்குத் தெரியவில்லையே" என்று அத்தொழிலாளி கூறலாம். தெரியாமையை நாம் இரண்டாகப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். அறிய வழியே இல்லாத தெரியாமை ஒன்று. வழியிருந்தும் பாராதிருந்த தெரியாமை மற்றொன்று. முன்னது குற்றமன்று; பின்னது குற்றமே. கோண அளவியில் வைத்து இரு விளிம்புகளையும் ஒப்பிடச் சில நொடிகளே ஆகும். அளவி இல்லையேல், ஆறுபட்டை நட்டுகள் இரண்டைப் பட்டையோடு பட்டை சேர்த்து வைத்தால் இடையில் 120 பாகைக் கோணம் கிடைக்கும். தோராயமாகப் பார்க்க அது போதும். துளையிடும்போது இரு பள்ளங்களிலிருந்தும் இரும்புச் சுருள் ஒப்ப வருகிறதா என்றும் பார்க்கலாம். ஒன்று தடித்தும் மற்றது மெலிந்தும் வந்தால் விளிம்புகள் சமமில்லை. இத்தனை சாட்சிகள் இருக்க, 'தெரியவில்லை' என்பது எங்ஙனம் பொருந்தும்?

எனினும் பழி முழுவதையும் அவர் தலையில் சுமத்துவது நீதியாகாது. துளைகளின் எண்ணிக்கைக்கு மட்டும் கூலி தந்து, தீட்டவும் சரிபார்க்கவும் செல்லும் நேரத்தை வீண் என்று கணக்கிடும் முதலாளியும் இதில் பங்காளியே.

ஆகவே, கண்டிருக்கக்கூடிய பிழைக்கு அதைச் செய்தவரும், காண நேரம் தராதவரும் பொறுப்பாளிகள் என்றே நாம் கருதுகிறோம். பிள்ளைகளைத் தொழில் பழக அனுப்பும் பெற்றோர், தீட்டக் கற்பிக்கும் ஆசான் சரிபார்க்கவும் கற்பிக்கின்றாரா என்று கேட்டறிதல் நலம்.