முலாம்

கல்யாண ரிசப்ஷனில் மணமக்கள் உட்காரும் அந்தத் தங்க நிற சோபாவைக் கவனித்திருப்பீர்கள். வளைந்த கால்கள், முதுகில் சுருண்டு ஏறும் பூவும் இலையும். மொய்க் கவரோடு வரிசையில் நிற்கும்போது எனக்கு வேறு வேலை இல்லாததால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதன் தூரத்துப் பூர்வீகம் பாரிஸ். பெயர் ரொகோகோ. சிப்பி, கூழாங்கல் வேலைப்பாட்டைக் குறிக்கும் பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்தது. பின்னால் வந்தவர்கள் கேலியாக வைத்த பெயர்.

பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனையில் உட்காருவதற்கும் சட்டம் உண்டு. டச்சஸ் பட்டம் இருந்தால், ராஜா முன்னால் முதுகில்லாத ஒரு ஸ்டூல் கிடைக்கும். அதுவே பெரும் பாக்கியம். மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான். 1715-ல் ராஜா போய்ச் சேர்ந்தார். பிரபுக்கள் 'அப்பாடா' என்று பாரிஸ் வீடுகளுக்குத் திரும்பி, அரட்டைக்குத் தோதாகச் சின்னச் சின்ன அறைகள் கட்டிக்கொண்டார்கள். ஸூபீஸ் மாளிகையில் போஃப்ரான் 1730-களில் அமைத்த நீள்வட்ட அறையில், சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று சட்டென்று பிடிபடாது. நாற்காலியின் முதுகு உடம்புக்கு ஏற்ப வளைந்தது. அகலப் பாவாடைக்கு இடம் விட்டுக் கைப்பிடி பின்னால் நகர்ந்தது. உட்காருவது அந்தஸ்தாக மட்டும் இல்லாமல் சுகமாகவும் ஆனது. நாம் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு டி.வி. பார்ப்பதில் அவர்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

திட்டியவர்களும் உண்டு. வியன்னா கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ், 1910-ல் நிகழ்த்திய பேச்சில் அலங்காரத்தையே குற்றத்தோடு சேர்த்துப் பேசினார். இந்த ரசனை நீதிபதிகளிடம் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் சொன்னதில் ஒன்றைத் தள்ள முடியவில்லை: அலங்காரம் செய்கிறவனின் உழைப்புக்குச் சரியான கூலி இல்லை.

கூலி கிடக்கட்டும், மூச்சு? அந்தக் கால அலமாரி, கடிகாரங்களின் வெண்கலப் பூவேலைக்குத் தங்கம் ஏற்றிய விதம் இது: தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் குழம்பாக்கிப் பூசி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். ஆவி, பூசுகிறவன் நெஞ்சுக்குள் போகும். கை நடுங்கும், பல் ஆடும், புத்தி தடுமாறும். 'அப்போது யாருக்குத் தெரியும்?' என்றும் தப்பிக்க முடியாது. இத்தாலிய மருத்துவர் ரமட்சினி 1700-லேயே முலாம் பூசுகிறவர்களின் நோயைப் பற்றிப் புத்தகத்தில் எழுதிவிட்டார்.

தெரிந்தேதான் வாங்கினார்கள். அதற்காக அந்த அலமாரி அசிங்கமாகிவிடவில்லை. அழகாகத்தான் இருக்கிறது; அதுதான் தொல்லை. மியூசியத்தில் பார்த்தால் நானும் வாயைப் பிளப்பேன்.

போன மாதம் ஒரு ரிசப்ஷனில் சோபாவைத் தட்டிப் பார்த்தேன். வெறும் ஸ்ப்ரே பெயின்ட். பாதரசம் கிடையாது. அடித்த பையன் மூக்கில் துணியாவது கட்டியிருந்தானா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் போட்டோகிராபர் கூப்பிட்டுவிட்டார். போய் நின்றேன்.