தாயுமானவர் மலையடியில் மங்கம்மாள்

பாலக்கரையினின்று மலைக்கோட்டையை நோக்குந்தோறும், காவிரி வெள்ளத்தால் தாய் வரத் தடைப்பட்ட இரத்தினாவதிக்குத் தாயாய் வந்த பெருமான் கருணையே எம் உள்ளத்தெழும்.

அம்மலையடியில் 1689 முதல் 1706 வரை அரசு நடாத்தியவர் இராணி மங்கம்மாள். கணவர் சொக்கநாத நாயக்கர் 1682-ல் மறைந்தார். மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் 1689-ல் வைசூரியால் மாண்டார். மருமகளும் மகவீன்ற சின்னாளில் உயிர் நீத்தார். கைக்குழவியாகிய பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்கு முடிசூட்டி, அவன் பொருட்டு ஆண்டார் பாட்டியார். மொகலாயருக்குத் திறை செலுத்தினார். திருவிதாங்கூர், தஞ்சை, இராமநாதபுரம் ஆகியவற்றோடு பொருதார். மைசூரார் காவிரியை அணையிட்டுத் தடுத்தபோதோ, முன்பு பகைத்த தஞ்சையோடே கூடினார். படை எழுமுன் வெள்ளமே அவ்வணையை உடைத்தது!

திறை கொடுத்தது இழிவென்பாரும் உளர். யாம் உடன்படோம். தன் பொருளாயின் மானம் பேசலாம். குழவியின் பொருளைக் காப்பார் அதனை வைத்துச் சூதாடலாமோ? சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரம் கூறும் இறைபணி நிற்றலும் 'எனது' என்பது அற்ற நிலையே. இராணியார் அந்நிலை எய்தினார் என்று கூறத் துணியோம். பேரன் வளர்ந்தபின் அரசை விட மனமின்றிச் சிறைப்பட்டு மாண்டார் என்பது செவிவழிக் கதை. அதனை அவர்மேல் ஏற்றவும் யாம் ஒருப்படோம். ஆயினும் அக்கதை நமக்குப் புதிதன்று. பிறர்பொருளைப் பல்லாண்டு பழுதின்றிக் காத்தவர், திறவுகோலை ஒப்படைக்கும் நாளில் கை நடுங்குவதை மடங்களிலும் கோயில்களிலும் யாமே கண்டிருக்கின்றோம்.